உதவியெல்லாம் கடனாகத் தெரியும்போது

கேள்வி: மேடம், எனக்கு 19 வயது. திண்டிவனம் பக்கம் கிராமம். அப்பா கொத்தனார், அம்மா நூறு நாள் வேலைக்குப் போவார். அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் இசிஇ சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். பிளஸ் டூவில் 600-க்கு 531. இப்போது மூன்றாவது செமஸ்டர். மேத்ஸ் இரண்டு, பைதான், சர்க்யூட் அனாலிசிஸ் என்று நான்கு அரியர். வீட்டில் 'ஆல் கிளியர்' என்று சொல்லிவிட்டேன். அப்பா அதை டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

அரசாங்கம் ஃபீஸ் கட்டுகிறது, மாதம் ஆயிரம் ரூபாயும் தருகிறது. லேப்டாப் வாங்க அக்கா தன் செயினை அடகு வைத்தாள், இன்னும் மீட்கவில்லை. இத்தனை பேர் செய்ததற்கு நான் திருப்பிக் கொடுத்தது நான்கு அரியர். இந்த சீட் வேறு யாருக்காவது போயிருந்தால் அவனாவது உருப்பட்டிருப்பான். வீட்டிலிருந்து போன் வந்தாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. எடுக்காமல் விட்டுவிட்டு 'கிளாஸ்ல இருக்கேன்' என்று மெசேஜ் போடுகிறேன். மெஸ்ஸில் எல்லோரும் மார்க் பேசுவார்கள் என்று மத்தியானம் சாப்பிடப் போவதில்லை. ராத்திரி மூன்று மணி வரை கேம். காலையில் எழுந்திருக்க முடியவில்லை, அட்டெண்டன்ஸும் போகிறது. ஃப்ரெண்ட்ஸிடம் சொன்னால் 'விடு மச்சான், பாத்துக்கலாம்' என்கிறார்கள். எல்லோரும்தானே கஷ்டப்படுகிறார்கள்? எனக்கு மட்டும் ஏன் மனசு இவ்வளவு வீக்? ஸ்ட்ராங் ஆக்க என்ன செய்ய வேண்டும்? சில நாள் படுக்கும்போது, காலையில் எழுந்திருக்காமலே போய்விட்டால் நன்றாயிருக்கும் என்று தோன்றுகிறது.

— பெயர், கல்லூரி வேண்டாம்

பதில்: தம்பி, உங்கள் கடைசி வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். மனநல ஆலோசனைக்கு என்னிடம் வருகிறவர்கள் முக்கால் மணி நேரம் தூக்கம் வரவில்லை, படிப்பு ஏறவில்லை என்றெல்லாம் பேசிவிட்டு, எழுந்து வாசலில் செருப்பு மாட்டும்போது "அப்புறம் மேடம்..." என்று இழுப்பார்கள். வந்த காரியம் அதுவாகத்தான் இருக்கும். உங்கள் கடைசி வரியும் அப்படி செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னதுதான்.

எழுந்திருக்காமல் போனால் தேவலை என்று தோன்றுவதும், சாக வழி யோசிப்பதும் ஒன்றல்ல. முதலாவது நிறையப் பேருக்கு வரும், வெளியே சொல்வதில்லை. ஆனால் முதலாவது இரண்டாவதாக மாற சில நாள் அதிக நேரம் பிடிக்காது. அதனால் நேரில் இருந்தால் கேட்டிருப்பதை இங்கேயே கேட்கிறேன். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா? எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறீர்களா? இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை மண்டையில் ஏற்றிவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. அடக்கி வைத்தவருக்கு வாய் திறக்க ஒரு வழி கிடைக்கிறது, அவ்வளவுதான். உங்கள் பதில் 'ஆமாம்' என்றால் மீதிக் கட்டுரையை அப்புறம் படித்துக்கொள்ளலாம். இப்போதே 14416-க்குப் போன் போடுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. தமிழக அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-லும் பேசலாம். சென்னையில் சினேகா என்ற தன்னார்வ அமைப்பு 1986-லிருந்து இதே வேலையைச் செய்கிறது, எண் 044-24640050. இன்று இரவு தனியாகப் படுக்காதீர்கள். ரூம்மேட்டிடம் "மனசு சரியில்ல, கூடவே இரு" என்ற அளவுக்குச் சொன்னால் போதும். நிலைமை கைமீறுவது போலிருந்தால் 108.

'இல்லை மேடம், அந்த அளவுக்கு இல்லை' என்றால் மேலே படியுங்கள். எண்ணை மட்டும் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மனசு வீக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். கிராமத்துப் பள்ளியில் தமிழில் 531 வாங்கிவிட்டு, சில மாதத்திலேயே ஆங்கிலத்தில் மேட்ரிக்ஸும் கால்குலஸும் கேட்க உட்கார்ந்தவர் நீங்கள். பள்ளியில் கணக்கு வாத்தியார் 'அணி' என்றதும் இங்கே 'மேட்ரிக்ஸ்' என்பதும் ஒன்றுதான் என்று பிடிபடவே இரண்டு வாரம் ஆகியிருக்கும். அதற்குள் முதல் யூனிட் முடிந்திருக்கும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் நடுவே மேடு பள்ளம் இருக்கிறது என்றுதான் 2020-இல் மருத்துவத்துக்கும் 2021-இல் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் 7.5 சதவீத ஒதுக்கீட்டைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார்கள். அந்த மேடு பள்ளம் அட்மிஷனோடு சமமாகிவிடாது, முதல் இரண்டு செமஸ்டர் காலை வாரும் என்பதை மட்டும் யாரும் சொல்லி அனுப்புவதில்லை. சொல்லாததால், தடுக்கி விழுகிற ஒவ்வொரு பிள்ளையும் தன் காலில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்கிறது.

இன்னொன்றும் கவனித்தேன். உங்கள் கடிதத்தில் 'எனக்கு யாருமே இல்லை' என்ற வரி கிடையாது. இந்த வயதில் எனக்கு வருகிற கடிதங்களில் பாதியில் அது இருக்கும். உங்களுக்கு அப்பா இருக்கிறார், அம்மா இருக்கிறார், செயினைக் கழற்றித் தந்த அக்கா இருக்கிறாள், நண்பர்கள் இருக்கிறார்கள், அரசாங்கத்தின் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் அந்த ஆயிரம் ரூபாய்கூட வருகிறது. இவ்வளவு ஆதரவும் உங்களைத் தாங்கவில்லை, அழுத்துகிறது. ஏனென்றால் எல்லாவற்றையும் கடன் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறீர்கள்.

ஊரில் கல்யாணப் பந்தல் வாசலில் மேசை போட்டு மொய் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். மொய் எழுதியவர் யாரும் மறுநாள் காலையில் வந்து திருப்பிக் கேட்பதில்லை. அவர் வீட்டில் விசேஷம் வரும்போது நாம் செய்வோம், அதற்குப் பத்து வருஷம்கூட ஆகலாம். நீங்கள் பந்தல் பிரிப்பதற்குள் மொய் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, இத்தனை பேருக்கும் எப்படித் திருப்புவேன் என்று அழுதுகொண்டிருக்கிறீர்கள். இதில் 7.5 சதவீத சீட்டையும் ஆயிரம் ரூபாயையும் நோட்டிலிருந்து அடித்துவிடலாம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு உரியது அது, யாரும் போட்ட பிச்சையில்லை. வேறு ஒருவன் உருப்பட்டிருப்பான் என்கிறீர்களே, அந்த ஒருவனும் மேட்ரிக்ஸ் வகுப்பில் உங்கள் பக்கத்து பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பான்.

உதவி சுமையாவது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் நியால் போல்ஜர் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 2000-இல் வெளியிட்ட ஆய்வொன்று எனக்குப் பிடித்தமானது. வழக்கறிஞர் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களையும் அவர்களோடு வாழும் துணையையும் தனித்தனியாக, நாள் தவறாமல் குறிப்பெழுதச் சொன்னார்கள். 'இன்று எனக்கு இவர் உதவினார்' என்று படிப்பவருக்கே தெரிந்த நாட்களில் சோர்வு கூடத்தான் செய்தது. துணை உதவியதாக எழுதியிருந்தும் படிப்பவர் அதைக் கவனிக்காமல் போன நாட்களில்தான் பலன் நன்றாக இருந்தது. "உனக்காகத்தான் வெயில்ல நிக்கிறேன்" என்று அம்மா சொல்லும்போது உங்களுக்கு ஏன் சோறு இறங்குவதில்லை என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். (உங்கள் அம்மா அப்படிச் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. தமிழ்நாட்டு அம்மாவாச்சே என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன்.)

இனி 'ஸ்ட்ராங் ஆவது'. ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மன் என்ற இரு உளவியலாளர்கள் 1984-இல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு பாகுபாடு செய்தார்கள். நாற்பது வருஷமாகியும் எங்கள் தொழிலில் அது பழையதாகவில்லை. நெருக்கடியை மனிதர்கள் இரண்டு விதமாகச் சமாளிக்கிறார்கள். ஒன்று, பிரச்சினையின் மேலேயே கை வைப்பது. இன்னொன்று, பிரச்சினை கிளப்பிவிட்ட பயத்தையும் துக்கத்தையும் ஆற்றிக்கொள்வது. இதில் எது உசத்தி என்ற பேச்சில்லை. மாற்றக்கூடிய விஷயத்துக்கு முதலாவது, மாற்றமுடியாததற்கு இரண்டாவது என்று பொருந்தினால் மனசு தாங்கும். உங்களுக்கு இரண்டும் இடம் மாறிக் கிடக்கிறது. அரியர் மாற்றக்கூடியது, எழுதினால் தீரும். அதன் முன்னால் உட்காரும்போது கேம் விளையாடி மனசை ஆற்றிக்கொள்கிறீர்கள். வந்துவிட்ட ரிசல்ட்டையும் அப்பா டீக்கடையில் சொல்லிவிட்டதையும் இனி யாரும் மாற்ற முடியாது. அதற்குத்தான் ராத்திரியெல்லாம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு தீர்வு தேடுகிறீர்கள். எந்தக் கெட்டிக்காரனை உங்கள் கட்டிலில் படுக்க வைத்தாலும் இதில் தோற்றுத்தான் போவான்.

போன் விஷயமும் இதே கதைதான். அது அடிக்கிறது, நெஞ்சு அடிக்கிறது, எடுக்காமல் விடுகிறீர்கள், மணி நிற்கிறது. நின்றதும் ஒரு நிம்மதி வருகிறதல்லவா, விஷம் அங்கேதான் இருக்கிறது. 'எடுக்காவிட்டால் தப்பிக்கலாம்' என்று மூளை ஒரு பாடம் படித்துக்கொள்கிறது. அடுத்த முறை மணி அடிக்கும்போது பயம் ஒரு பங்கு கூடுதலாக வரும். இப்படித்தான் போனிலிருந்து மெஸ்ஸுக்கும், மெஸ்ஸிலிருந்து கிளாஸுக்கும் பயம் பரவியிருக்கிறது. இது எந்தப் பக்கமிருந்து வந்ததோ அந்தப் பக்கமாகத்தான் திரும்பும். மெஸ்ஸிலிருந்து தொடங்குங்கள், நாளை மத்தியானமே. ஒன்றரை மணிக்குக் கூட்டம் கலைந்திருக்கும், அப்போது போனால் போதும். யாராவது மார்க் கேட்டால் "நாலு அரியர் மச்சான், எம்-1-க்கு நோட்ஸ் இருந்தா குடு" என்று சொல்லிப் பாருங்கள். அந்த மேசையிலேயே இன்னும் இரண்டு பேர் "எனக்கும்டா" என்று சொல்ல வாய்ப்பு அதிகம்.

இது வெறும் ஆறுதலுக்குச் சொல்வதில்லை. கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் என்ற இரு ஆய்வாளர்கள் 2011-இல் அமெரிக்காவில் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். கல்லூரி முதலாண்டு மாணவர்களை ஒரு மணி நேரம் உட்கார வைத்து, சீனியர்களின் அனுபவங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். 'வந்த புதிதில் இந்த இடம் எனக்கானதில்லை என்று தோன்றியது, எல்லோருக்குமே அப்படித்தான் இருந்ததாம், போகப் போகச் சரியாயிற்று' என்பதுதான் சாரம். பிறகு அதைப் பற்றித் தங்கள் சொந்த அனுபவத்திலிருந்து எழுதச் சொன்னார்கள். அடுத்த மூன்று வருஷத்தில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் ஏறி, வெள்ளையின மாணவர்களோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. பாடம் எதுவும் நடத்தவில்லை. 'எனக்கு மட்டும்தான் இப்படி' என்ற நினைப்பைக் கழற்றினார்கள். அந்த ஒரு மணி நேரத்தை உங்கள் ஹாஸ்டலில் நீங்களே ஏற்பாடு செய்துகொள்ளலாம். தமிழ் மீடியத்தில் படித்து வந்த மூன்றாம் வருஷ, நான்காம் வருஷ அண்ணன்கள் இரண்டு பேரைத் தேடிப் பிடியுங்கள். "அண்ணா, ஃபர்ஸ்ட் இயர்ல எப்படி சமாளிச்சீங்க?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். மீதியை அவர்கள் பேசுவார்கள்.

'விடு மச்சான்' என்கிற நண்பர்கள் மேல் உங்களுக்கு வருத்தம் இருப்பது தெரிகிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பத்தொன்பது வயதுப் பையன்களுக்கு இன்னொரு பையன் கண்ணீர் விட்டால் கைகால் ஓடாது. 'விடு' என்பது கதவைச் சாத்துகிற சொல்தான், ஆனால் அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியாமல் சாத்துகிறார்கள். பையன்களிடம் மனசைக் கேட்டால் கிடைக்காது, வேலையாகக் கேட்டால் கிடைக்கும். "மச்சான், ஒரு மாசம் காலையில ஏழரைக்கு என் போர்வையை இழுத்து எழுப்பி மெஸ்ஸுக்குக் கூட்டிட்டுப் போ" என்று ரூம்மேட்டிடம் கேளுங்கள். ஒரு நாள் விடாமல் செய்வான். கூட நடந்து போகும்போது பேச்சும் தானாக வரும், நேருக்கு நேர் உட்கார்ந்தால் வராத பேச்சு. இதற்கு மறுபக்கமும் உண்டு. ராத்திரி முழுக்க உங்களோடு உட்கார்ந்து, காலேஜைத் திட்டி, வாத்தியாரைத் திட்டி, 'நம்ம லைஃபே அவ்வளவுதான்டா' என்று ஒரே புண்ணைச் சொறிந்துகொண்டிருக்கும் நண்பன் அமைந்தால், நட்பு நெருக்கமாகும், மனசு இன்னும் கீழே போகும். வளரிளம் பருவத்து நட்புகளில் இந்த இரண்டும் கைகோத்து வருவதை அமாண்டா ரோஸ் என்ற உளவியலாளர் 2002-இலேயே எழுதியிருக்கிறார்.

எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் எதிர்பார்க்கவும் வேண்டாம். எழுப்பிவிட ரூம்மேட், பாடத்துக்கு சீனியர், அட்டெண்டன்ஸ் எத்தனை சதவீதம், இன்னும் எத்தனை நாள் லீவு போடலாம் என்று கேட்க கிளாஸ் டியூட்டர். கடைசியாகச் சொன்னவரைத் தள்ளிப்போடாதீர்கள். 75 சதவீதத்துக்குக் கீழே போனால் பரீட்சை எழுதவே விடாமல் போகலாம். மனசைத் திறக்க மட்டும் வேறு ஆள் வேண்டும். அது உங்கள் அக்கா என்று நினைக்கிறேன்.

ஏன் அக்கா? கடிதத்தில் செயினைப் பற்றி எழுதிவிட்டு 'இன்னும் மீட்கவில்லை' என்று நிறுத்தினீர்கள். நோட்டில் பெரிய கடன் அவளுடையது. அவளிடம் சொல்லிவிட்டால் மற்றவர்களிடம் சொல்வது அத்தனை கஷ்டமாக இருக்காது. கழுத்திலிருந்ததைக் கழற்றித் தந்தவள் நான்கு அரியருக்காக உங்களை விட்டுவிட மாட்டாள். ஆனால் கேட்கும் விதம் முக்கியம். எந்த மாதிரி உதவி வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அக்காக்கள் உடனே புத்தி சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். இப்படிப் பேசலாம்: "அக்கா, பத்து நிமிஷம் தனியா பேசணும். நீ எதுவும் செய்ய வேணாம், திட்டவும் வேணாம், கேட்டா போதும். எனக்கு நாலு அரியர். வீட்ல பொய் சொல்லிட்டேன். ராத்திரி தூக்கம் இல்ல." அதன் பிறகு அந்தக் கடைசி வரியையும், எழுந்திருக்காமல் போனால் என்று எழுதினீர்களே, அதையும் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் விட்டால் சொன்னதாகவே கணக்கில்லை.

அப்பாவிடம் போனில் வேண்டாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, அக்காவும் இருக்கிற நாளாகப் பார்த்து, நேரில். வேலை முடிந்து வந்தவுடனும் வேண்டாம், சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் வேண்டாம். கையில் ஒரு திட்டத்தோடு போங்கள்: நவம்பரில் இரண்டு பேப்பர், ஏப்ரலில் இரண்டு. எந்த இரண்டு முதலில் என்று கேட்டால், பாஸுக்கு மிகக் குறைவாகத் தவறியது எதுவோ அதுவும், இந்த செமஸ்டர் பாடத்துக்கு அடிப்படையாக இருப்பது எதுவோ அதுவும். உங்களுக்கு சர்க்யூட் அனாலிசிஸ் இரண்டாவது ரகமாக இருக்கும். பழைய வினாத்தாள்களை எடுத்து பார்ட் ஏ இரண்டு மார்க் கேள்விகளிலிருந்து தொடங்குங்கள். பத்துக் கேள்வி, இருபது மார்க், தமிழில் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினால் போதும். கேம்பஸ் இன்டர்வியூவில் பல கம்பெனிகள் கேட்பது ஸ்டேண்டிங் அரியர், அதாவது இன்னும் பாஸ் பண்ணாத பேப்பர், இருக்கிறதா என்றுதான். எப்போதாவது அரியர் வைத்திருந்தாயா என்று ஹிஸ்டரி ஆஃப் அரியர் பார்க்கிறவர்களும் உண்டு, அதை மறைக்கவில்லை. அங்கே கதவு மூடும், மற்ற இடத்தில் திறந்திருக்கும்.

அப்பா கோபப்படுவார். அரியருக்கு ஒரு பங்கு, பொய்க்கு மூன்று பங்கு. அதை வாங்கிக்கொள்ளுங்கள், அது நியாயமான கோபம். டீக்கடையில் அவர் சொன்னதைத் திருத்துவது மட்டும் உங்கள் வேலை இல்லை. அது அவருக்கும் டீக்கடைக்கும்.

தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம். நீங்கள் சோம்பேறி என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். பதின்வயதில் உடம்பின் கடிகாரம் பின்னால் போய்க்கொண்டே இருக்கும். ஆண்களுக்கு இருபது, இருபத்தொன்றில் உச்சத்துக்குப் போய் அப்புறம்தான் திரும்பும் என்று டில் ரோனெபெர்க் என்ற ஜெர்மன் ஆய்வாளரின் குழு 2004-இல் காட்டியிருக்கிறது. ஆகவே பத்து மணிக்குத் தூக்கம் வராதது உங்கள் குற்றமில்லை. பன்னிரண்டுக்கு வர வேண்டியதை மூன்றுக்குத் தள்ளுவது கேம். அதை ஒரேயடியாக டெலிட் பண்ணச் சொல்ல மாட்டேன், நாலாம் நாள் மறுபடி இன்ஸ்டால் செய்வீர்கள். சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை ஆடுங்கள், அது ஆற்றிக்கொள்ளும் நேரம். படுக்கும் நேரத்தை விட்டுவிட்டு எழும் நேரத்தைப் பிடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்பட ஏழரை. எழுந்ததும் வெயிலில் பத்து நிமிஷம் நடந்து மெஸ்ஸுக்குப் போய்ப் பொங்கலோ உப்புமாவோ கிடைப்பதைச் சாப்பிடுங்கள். வெளிச்சம் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும். உப்புமாவுக்கு அந்தச் சக்தி உண்டா என்று தெரியாது, ஆனால் வெறும் வயிற்றில் எல்லாப் பிரச்சினையும் இரண்டு மடங்காகத் தெரியும்.

இவ்வளவும் செய்து இரண்டு வாரம் ஆகியும், நாளின் பெரும்பகுதி மனசு கனத்தே இருந்தால், முன்பு பிடித்த எதிலும், கேமில்கூட, ருசி இல்லாமல் போனால், பசியும் தூக்கமும் திரும்பாவிட்டால், மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஓபி சீட்டு போட்டால் போதும், செலவில்லை. அந்தக் கடைசி வரி அடிக்கடி வருவதானால் இரண்டு வாரமும் காத்திருக்க வேண்டாம். நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் இருக்கும் கல்வி நிலையங்கள் எல்லாம் ஆலோசகரோ உளவியலாளரோ வைத்திருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் கல்லூரியில் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். உங்களுக்கு 18 முடிந்துவிட்டது. நீங்கள் பேசியது ரகசியமாக இருக்க வேண்டும் என்பதற்கு 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமே காவல். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் நாங்கள் மற்றவர்களிடம் பேசுவோம், அதையும் முதலிலேயே சொல்லிவிடுவோம்.

இதை உங்களைப் போன்ற பிள்ளைகளின் பெற்றோரும் படிப்பார்கள். அவர்களுக்கு ஒன்றே ஒன்று: "மார்க் எவ்வளவு?" என்பதை நான்காவது கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று கேள்விக்குப் பிள்ளை உண்மை சொன்னால் நான்காவதற்கும் சொல்லும்.

பொய் சொன்னதற்காக உங்களை நீங்களே ரொம்பவும் திட்டிக்கொள்கிறீர்கள் என்பதால் என் கதையைச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் நான் வெளிமாநிலத்தில் ஹாஸ்டலில் இருந்தேன். முதல் வருஷம் ஒரு பாடத்தில் போய்விட்டது. மொழியும் புரியவில்லை, தினம் அழுகை. வீட்டுக்கு மட்டும் இன்லேண்ட் லெட்டரில் 'நான் இங்கு நலம், நன்றாகப் படிக்கிறேன்' என்று எழுதிப் போடுவேன். நாலாவது லெட்டர் போன ஐந்தாம் நாள் அம்மா பஸ் ஏறி வந்து வாசலில் நிற்கிறார், கையில் முறுக்கு டப்பா. எப்படித் தெரிந்தது என்றேன். "மடிப்பு ஓரம் வரைக்கும் பொடிசா எழுதுவியே, பாதி காகிதம் காலியா வந்துச்சு" என்றார். நலம் என்று எழுதியதை அவர் படிக்கவே இல்லை, காலி இடத்தைப் படித்திருக்கிறார்.

உங்கள் 'கிளாஸ்ல இருக்கேன்' மெசேஜையும் உங்கள் அம்மா அப்படித்தான் படித்துக்கொண்டிருப்பார். ராத்திரி எட்டு மணிக்கு எந்தக் கிளாஸ் நடக்கும் என்று கேட்காமல் இருக்கிறாரே தவிர, தெரியாமல் இல்லை.

அதனால் இன்று ராத்திரி போன் அடித்தால் எடுங்கள். அரியரைச் சொல்ல வேண்டாம், அதற்கு அக்காவும் நாளும் இருக்கிறது. அம்மா முதலில் "சாப்ட்டியா?" என்றுதான் கேட்பார். வழக்கமாக 'ம்' என்பீர்கள். இன்று மட்டும், "இல்லம்மா, மத்தியானம் சாப்பிடல, மெஸ்ஸுக்குப் போகப் பிடிக்கல" என்று சொல்லுங்கள். ஏன், என்னாச்சு, உடம்பு சரியில்லையா, அங்கே என்ன போடுகிறார்கள் என்று வரிசையாகக் கேட்பார், கொஞ்சம் திட்டவும் செய்வார். போனை வைத்துவிடாதீர்கள். முழுக்கத் திட்டி முடிக்கட்டும்.